களி கிண்டிய செயலாளர்

முதலில் ஒரு விடுகதை. முன்வரிசையில் ஆளே இருக்காது. பின்வரிசையில் இடமே இருக்காது. வாசலில் நான்கு பேர் ஒரு காலை உள்ளே, ஒரு காலை வெளியே வைத்து நிற்பார்கள். அது என்ன?

பஸ் என்று சொல்லாதீர்கள். பஸ்ஸில் முன்சீட்டுக்குத்தான் சண்டை. விடை, இண்டூர் பக்கத்துச் சின்ன மாதா கோயிலின் ஞாயிற்றுக்கிழமைப் பூசை.

அதுவும் பழைய கதை. இந்த வருஷம் பின்வரிசையும் காலி. மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது பத்தொன்பது பேர். தருமபுரியிலிருந்து பைக்கில் வந்து பூசை வைக்கும் ஃபாதர் பொறுமையாக எண்ணிப் பார்த்தார்.

"மாசக் கடைசிக்குள்ள அம்பது பேராவது வரலைன்னா, இங்க மாசம் ஒரு பூசைதான். மத்த வாரம் நீங்க டவுனுக்கு வந்துடுங்க."

கோயில் கமிட்டிச் செயலாளர் சின்னப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு வருஷமாக அவர்தான் செயலாளர். பூசை இல்லாத கோயிலுக்குச் செயலாளர் என்றால் ஊர் சிரிக்காதா?

"காலம் மாறிப்போச்சு மேரி. கோயிலும் மாறணும்!" என்று மனைவி சகாயமேரியிடம் முழங்கினார். "ஸ்கிரீன் கட்டப்போறேன். பாட்டு வரியெல்லாம் அதுல ஓடும். கீபோர்டு. ரெண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்."

"யாருக்குங்க?"

"வராதவங்களுக்குத்தான்!"

"வராதவங்க எப்படிங்க ஸ்கிரீனப் பாப்பாங்க?"

சின்னப்பன் வாடகைக் கடைக்கு போன் போட்டார். பெரிய திட்டம் தீட்டுகிறவருக்குச் சின்னக் கேள்விக்கு நேரம் ஏது?

அடுத்த ஞாயிறு ஸ்கிரீன் வந்தது. ஜன்னல் வெயிலில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. கீபோர்டு மாதேஷ் கல்யாணக் கச்சேரி ஆள். காணிக்கை நேரத்தில் மாப்பிள்ளை அழைப்புப் பாட்டை வாசித்தார். பாக்ஸ் போட்ட ஊளையில், ஒரு வாரமும் தவறாத பெரியண்ணன் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். ஆக, பதினெட்டு.

"வராதவங்கள யாராச்சும் போய்க் கேட்டீங்களா?" என்றாள் சகாயமேரி.

"வாட்ஸாப்ல போட்டேனே!"

"நான் வூடு வூடாப் போய்க் கேட்டுட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கெழம எல்லா வூட்டுலயும் என்ன?"

"களியும் கறிக்குழம்பும்."

"யாரு செய்யறா?"

"இது என்ன கேள்வி? பொம்பளைங்கதான்."

"எந்நேரம்?"

சின்னப்பன் யோசித்தார். "பூசை நேரம்."

"அம்மா வரலைன்னா புள்ளைங்க வராது. பொண்டாட்டி புள்ளைங்க வூட்டுல இருக்கறப்ப ஆம்பளைக்கு மட்டும் கோயில்ல என்ன வேல? அதனால, பூசை முடிஞ்சதும் எல்லாரும் கோயில்லயே ஒண்ணா சாப்பிடலாம். மாவும் கறியும் ஆளாளுக்குக் கொண்டாருவாங்க. உங்க யோசனைன்னே சொல்லிடுங்க. பேரு உங்களுக்கே இருக்கட்டும்."

சின்னப்பனுக்கு நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது. மூன்றாம் ஞாயிறு, பூசை முடிவில் பீடத்துக்கு முன்னால் நின்று தன் யோசனையை அறிவித்தார். கைதட்டல் எழுந்தது.

"அருமை! யாரு சமைக்கிறது?" என்றார் ஃபாதர்.

சின்னப்பன் பெண்கள் பக்கம் திரும்புவதற்குள் சகாயமேரி எழுந்துவிட்டாள்.

"அவரேதான் ஃபாதர். பொம்பளைங்க சமைச்சா மறுபடியும் பூசையை விட்டுட்டு அடுப்படியிலதானே நிப்பாங்க? அதை யோசிச்சுத்தானே இந்தத் திட்டமே போட்டிருக்காரு!"

இப்போது கைதட்டல் இரண்டு மடங்கு. பீடத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தையை எந்தச் செயலாளர் வாபஸ் வாங்க முடியும்?

அந்த வாரம் முழுக்க சகாயமேரி மறுபடியும் வீடு வீடாகப் போனாள். சின்னப்பன் சனிக்கிழமை சாயங்காலமே டவுனுக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வந்தார். ஞாயிறு அவருக்கு அடுப்பு வேலை அல்லவா?

ஆனால் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. குழம்பில் இரண்டு கை உப்பைக் கூடப் போடுவது. களியைக் கட்டி தட்ட விடுவது. அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

ஞாயிறு காலை. கோயிலுக்குப் பின்னால் அண்டா கொதித்தது. உப்பை அள்ளிய கையோடு, பாட்டுச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக இருக்கிறதே என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஐம்பத்தேழு பேர்! முன்வரிசையில்கூடப் பெண்கள், மடியில் பிள்ளைகள்.

உப்போடு கை நின்றுவிட்டது. சாப்பாடு கெட்டால் அடுத்த வாரம் இவர்கள் வரமாட்டார்கள். இவர்கள் வராவிட்டால் பூசை இல்லை. பூசை இல்லாவிட்டால் செயலாளரும் இல்லை.

உப்பு டப்பாவுக்கே திரும்பிப் போனது. பூசை முடிந்து வந்த பெரியண்ணன் அண்டாவைப் பிடித்துக்கொள்ள, சின்னப்பன் களி கிண்டும் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினார். தோள் கழன்றது. களி ஒரு கட்டி இல்லாமல் வெண்ணெயாக வந்தது.

ஃபாதர் மூன்றாம் உருண்டையைக் குழம்பில் தொட்டுக்கொண்டே சொன்னார்: "நான் வாராவாரம் வரேன். சரி, அடுத்த வாரம் யாரு சமையல்?"

"பெரியண்ணன்!" என்றார் சின்னப்பன்.

"எனக்கு சுடுதண்ணிதான் வைக்கத் தெரியும். மாதேஷ் செய்யட்டும்," என்றார் பெரியண்ணன்.

மாதேஷ் கையைக் கழுவப் போய்விட்டார்.

ஃபாதர் பக்கத்தில் தட்டை வழித்துக்கொண்டிருந்த சின்னப்பனின் மகளைப் பார்த்தார். கலைமதி இரண்டாம் வகுப்பு. "நீயே சொல்லும்மா. நீ யாரைச் சொல்றியோ, அவங்கதான்."

சின்னப்பன் மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தாடையால் பெரியண்ணனையும் காட்டினார்.

கலைமதி அப்பாவைச் சொன்னாள்.