கடுகளவு மருந்தும் ஈரச் சாக்கும்

ஏழாயிரம்பண்ணை,
புதன்கிழமை, காலை.

திருத்தங்கல் அச்சாபீஸில் சீரும் சிறப்புமாக இருக்கும் மச்சான் மாரிக்கண்ணன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வள்ளித்தாயின் வீட்டுக்காரன் முத்துக்கருப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் வள்ளித்தாயும் உங்கள் வருங்கால மருமகள் சினேகாவும் இந்த வரி எழுதும் வரை நலம். அடுத்த வரிக்கு நான் பொறுப்பில்லை. அங்கே நீங்களும் அக்காவும் மருமகன் செழியனும் நலந்தானே? போனில் பேசாமல் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். வீட்டில் பேசினால் சினேகா காதில் விழும். தாள், போன சீசனில் நீங்கள் கொடுத்த ராக்கெட் லேபிள் வேஸ்ட்டின் பின்பக்கம்தான்.

விஷயம் என்னவென்றால், தையில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசிய கல்யாணத்தை ஆவணியிலேயே முடித்து என் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் மச்சான்.

நான் இருபத்தேழு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் கிடக்கிறவன். செருப்பைக் கழற்றி, உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு, பருத்திச் சட்டையோடு வெடிமருந்து அறைக்குள் போய், இரும்பு ஆகாது என்று மரக்கரண்டி பிடித்து, வெயில் ஏறுமுன் கலவையை முடித்துவிட்டு வெளியே வந்து மூச்சு விடுகிற பிழைப்பு. மருந்துக்கும் சூட்டுக்கும் ஏழாம் பொருத்தம் என்பதுதான் நான் படித்த ஒரே பாடம். அப்படிப்பட்ட இடத்தில் முதலாளி சங்கரபாண்டியன் ஆய்வுக்கூடம் என்று ஓர் அறை கட்டி, வேதியியல் படித்த என் மகளையே அதில் உட்காரவைத்து, மூன்று மிஷின் இறக்கியிருக்கிறார். முதல் மிஷினுக்கு என்ன வேலை தெரியுமா? மருந்தைச் சூடு பண்ணுகிற வேலை! தெரியாத்தனமாக இல்லை, வேண்டுமென்றே, நிமிடத்துக்குப் பத்து டிகிரியாக, கரெண்டுக்குக் காசும் கட்டி!

"கடுகளவுதான்ப்பா வைப்போம். எந்தச் சூட்டுல கிளம்புதுன்னு அதுவே கோடு போட்டுக் காட்டிரும். எதுக்கு இப்புடி நடுங்குறீக?" என்கிறாள். கடுகும் வெடிக்கத்தானே செய்கிறது? அன்று சாயங்காலம் வள்ளித்தாய் குழம்பு தாளித்தபோது கடுகு பொரிந்த சத்தத்தில் நான் ஒரே தாவலாகத் தெருவுக்கு வந்துவிட்டேன். "இந்த மனுசனுக்குக் கோட்டி புடிச்சிருச்சு" என்று உங்கள் தங்கை பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது, கலந்ததைப் பிரிக்கிற மிஷின். மருந்தைக் கரைத்துச் சின்னக் குழாயில் ஊற்றி உள்ளே வைத்தால் கிர்ரென்று சுற்றிக் கனமானதை அடியில் தள்ளிவிடுமாம். நம் பக்கத்தில் உஸ்ஸென்று சுற்றுகிற எது சும்மா நின்றிருக்கிறது? போன வாரம் அது சுற்றி முடித்து 'பீப்' என்றதும், ஜன்னலோரம் ஈரச் சாக்கோடு காவல் நின்ற நான் சாக்கைத் தூக்கி அதன் தலையில் போட்டுவிட்டு, "ஓடுங்க!" என்று கத்திவிட்டேன். அந்தச் சொல் காதில் விழுந்தால் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஓட வேண்டும் என்று எல்லாரையும் பழக்கியவனும் நானேதான். நாலு ஷெட்டுப் பெண்களும் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். பஞ்சம்மாள் மட்டும் பஸ் ஸ்டாப் வரை ஓடி, வந்த பஸ்ஸில் ஏறி, சாத்தூரில்தான் இறங்கினாள்.

மூன்றாவது ஒரு துப்பாக்கி. பொடிக்கு நேரே பிடித்து அமுக்கினால், அதில் என்னென்ன இருக்கிறது, எத்தனை சதம் என்று எழுதிக் காட்டும். பட்டாசுக் கம்பெனிக்குள் துப்பாக்கி! யாரிடம் போய்ச் சொல்ல?

இனி எழுதுவது வள்ளித்தாய்க்கும் தெரியாது. திங்கட்கிழமை என் கையால் பன்னிரண்டு கிலோ கலந்தேன். அதில் கொஞ்சம் சோதனைப் பாட்டிலில் போட்டுக் கொடுக்க வேண்டியது போர்மேனாகிய என் பொறுப்பு. மனசு வரவில்லை. நேற்றுக் காலை இருக்கன்குடி மாரியம்மன் திருநீற்றையும் அடுப்புச் சாம்பலையும் கலந்து கொடுத்துவிட்டேன். இரண்டுமே ஏற்கெனவே எரிந்து முடித்தவை, இனிமேல் என்ன ஆகப்போகிறது என்ற தைரியம். நானூறு டிகிரி வரை ஏற்றியும் அது அசையவில்லை. துப்பாக்கி கால்சியம் என்றது. முதலாளி தலையில் கை வைத்துவிட்டார். "தீவாளி ஆர்டர் நாலு லோடு நிக்குது. எரியாத பட்டாச எவன்யா வாங்குவான்?" என்று கலவை அறையைப் பூட்டச் சொல்லி, சரக்கு கொடுத்த வியாபாரியோடு போனில் ஒரே சண்டை. இன்று மதியம் புதுச் சாம்பிள் கொடுக்க வேண்டும்.

அசலைக் கொடுத்தால் என் பிள்ளை கதி என்ன? மறுத்தால் என் வேலை கதி என்ன? பயமாக இருக்கிறது மச்சான். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன். மருந்துக்குப் பக்கத்தில் இந்தக் குடும்பத்திலிருந்து நான் ஒருவன் உட்கார்ந்தது போதும். ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு பூவும் பழமுமாக வந்து, ஆவணியை விட்டால் நாளே இல்லை என்று ஜோசியர் சொன்னதாக ஒரே போடாகப் போட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு வணக்கம். மருமகனுக்கு ஆசி. உங்கள் அச்சு மிஷினும் வீட்டு அடுப்பும் அளவோடு சூடாகி, மாரியம்மன் காவலில் எல்லாரும் குளிர்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உயிரைக் கையில் பிடித்திருக்கும்
முத்துக்கருப்பன்

பின்குறிப்பு, அதே நாள் சாயங்காலம்: கடிதத்தைத் தபாலில் போடுமுன், மதியம் புதுச் சாம்பிள் கேட்டு சினேகாவே கலவை அறை வாசலுக்கு வந்துவிட்டாள். பாட்டிலை நீட்டாமல் நின்றேன். "நேத்து நீங்க குடுத்த சாம்பிள் இன்னைக்கு உங்க நெத்தியில இருக்குப்பா" என்றாள். யாரிடமும் சொல்லவில்லையாம். பூட்டைத் திறக்கச் சொல்லி, மரக்கரண்டியால் தானே கடுகளவு எடுத்துக்கொண்டு போனாள். நான் சாக்கோடு ஜன்னலில். இருநூறு தாண்டிக் கிளம்ப வேண்டிய மருந்து, அறுபது டிகிரியிலேயே கிளம்பிவிட்டது. கடுகளவு என்பதால் தட்டோடு புகைந்து முடிந்தது. வியாபாரி அனுப்பிய மூட்டை ஒன்றில் ஆகாத உப்பு ஏதோ கலந்து வந்திருக்கிறது. அது இன்னதென்று மற்ற இரண்டு மிஷினும் பிரித்துக் காட்டின. முதலாளி தகவல் சொல்ல, வெடிமருந்துத் துறை அதிகாரிகள் வந்து பன்னிரண்டு கிலோவையும் பத்திரமாக அப்புறப்படுத்தினார்கள். அறையைப் பூட்டியிராவிட்டால் நேற்று மதியம், தகரம் கொதிக்கிற அந்த ஷெட்டில் உட்கார்ந்து அதைச் சலிக்க வேண்டியவன் நான்.

சினேகா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் பாத்துச் சொல்லாம இனிமே நீங்க உள்ள போகக் கூடாது. நீங்க வர்ற பஸ்ஸப் பாத்துப் பாத்தே வளந்தவப்பா நானு" என்றாள். எனக்கு மட்டும்தான் பயம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ஆகவே கல்யாணம் தையிலேயே இருக்கட்டும். அதற்குப் பிறகும் செழியன் தினமும் காலையில் அவளை பைக்கில் கொண்டுவந்து கேட்டில் விட்டாக வேண்டும்; இதற்குச் சம்மதம் என்றால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வேறு கடிதம் எழுத லேபிள் தாள் மிச்சமில்லை, அதனால் இதையே அனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். எரிக்க வேண்டாம்.