அட்டை பாயின் பஸ்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற ரோட்டில் காமிக்ஸ் தெரியாத மனுஷர் யாராவது இருந்தால், அவர் அட்டை பாயின் பஸ்ஸில் ஏறாதவர் என்று அடித்துச் சொல்லலாம்.

அட்டை பாய் அந்தத் தனியார் பஸ்ஸின் கண்டக்டர். வத்தலக்குண்டு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்த மூன்று வருஷமும் நான் அவர் வண்டியில்தான் போனேன். எந்தக் காமிக்ஸ் தொகுப்பு புதிதாக வந்தாலும் தபாலில் வரவழைத்துப் படித்துவிடுவார். மறுநாள் காலையில் அட்டையைத் தூக்கிக் காட்டி விமர்சனத்தை ஆரம்பிப்பார். பேருக்குக் காரணம் அதுதான் என்பார் அவர். ஒட்டினால் விடமாட்டார் என்பதால் வந்த பேர் என்போம் நாங்கள்.

"தாளு வழவழன்னு இருக்கு சார். கலரும் சுத்தம். ஆனா வரைஞ்சவருக்குக் குதிரைக் காலு வரல. ஓடுற குதிரையெல்லாம் முட்டி வலி வந்த மாதிரி ஓடுது. இருந்தாலும் வாங்குங்க, கதை அம்புட்டு ஜோரு!"

ஆளைப் பார்த்துத்தான் சிபாரிசு. மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு ஏறிய பெண்ணுக்கு விண்வெளிக் கதை. "ஆளே இல்லாத கெரகம்மா. நிம்மதியா இருக்கும்." போலீஸ்காரருக்குப் பேய்க்கதை. "ஒங்களுக்கும் ஒரு பயம் வேணும்ல சார்!"

முடிவை மட்டும் சொல்லமாட்டார். வழியில் செம்பட்டியில் பூக்கூடையோடு ஏறும் பேச்சியம்மா, ஒருநாள் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு வந்தும் எழுந்திருக்கவில்லை.

"பண்ணையாரைக் கொன்னது ஆருன்னு சொல்லு. எறங்குறேன்."

"சொன்னா அது விமர்சனம் இல்லக்கா, துரோகம். புக்கைக் கொண்டு போய்ப் படிங்க."

"எனக்கு எங்கப்பா எழுத்துத் தெரியும்?"

பாய் புத்தகத்தை அவர் கூடையில் வைத்தார். "படத்தைப் பாருங்க, போதும்."

மறுநாள் ஏறியதுமே பேச்சியம்மா தீர்ப்பைச் சொன்னார். "கணக்கப்பிள்ளைதான் கொன்னவன். மூணாம் பக்கத்துல எல்லாரும் அழுவுறாக. அவன் மட்டும் செருப்பைத் தொடைக்கிறான்."

பாய் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். நாலு தடவை படித்தவர் கண்ணில் அந்தச் செருப்பு படவே இல்லை! அன்றைக்கு முழுக்க அவர் விசில் அடிக்க மறந்துபோக, டிரைவர்தான் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வண்டியை எடுத்தார்.

வினை ஓர் ஆத்தூர்ப் பயணி ரூபத்தில் வந்தது. செம்பட்டியில் இறங்கி ஆத்தூருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டியவர், பாயின் துப்பறியும் கதையில் வாய் பிளந்து வத்தலக்குண்டு வரை வந்துவிட்டார். அங்கே நின்றபடியே பஸ் முதலாளிக்குப் போன் போட்டார்.

"இனிமே வண்டியில கதை சத்தம் கேட்டுச்சு, வேற கண்டக்டரைப் போட்டுருவேன்" என்றார் முதலாளி.

பாய்க்குக் காலேஜில் படிக்கிற இரண்டு பெண்கள். அடங்கிவிட்டார். நாலு நாள் பஸ்ஸே போனைப் பார்த்துக் குனிந்து கிடந்தது. "செம்பட்டி, செம்பட்டி" என்று அவர் கூப்பிட்டது சாவுத் துட்டி சொல்வதுபோல இருந்தது.

ஐந்தாம் நாள் பேச்சியம்மா எழுந்து நின்றார். கையில் பாய் எப்போதோ இரவல் கொடுத்த கடற்கொள்ளைக் கதை.

"கண்டக்டருதான பேசக்கூடாது? நான் டிக்கெட்டு வாங்குன ஆளு!"

ஆரம்பித்தார். எழுத்து இல்லாமலே படத்தை வைத்துக் கதை வளர்ந்தது. கொள்ளைக்காரன் ராணிக்குத் தாய்மாமன் ஆனான். புதையல் வரைபடம் நிலப் பத்திரம் ஆனது. படிக்கட்டில் நின்ற பாய் துடித்துப்போனார்.

"அக்கா, அது பத்திரம் இல்லக்கா..."

"நீ பேசக்கூடாதுல்ல!" என்று மொத்தப் பஸ்ஸும் கத்தியது.

வத்தலக்குண்டில் கூடையை இறக்கிக் கொடுக்கும்போது பாயின் கண் கலங்கியிருந்தது. "அக்கா, புக்கை விட ஒங்க கதை நல்லாருக்கு" என்றார்.

விஷயம் கேள்விப்பட்டு முதலாளியே ஒருநாள் ஏறி வந்தார். கடைசி சீட்டில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். இறங்கும்போது ஒரே ஒரு உத்தரவு போட்டார். "ஆத்தூர்க்காரவுக எறங்குன பெறகு ஆரம்பிங்கப்பா."

எனக்கு இப்போது திண்டுக்கல்லிலேயே வேலை. வத்தலக்குண்டில் ஒரு சோலியும் கிடையாது. ஆனாலும் மாதத்துக்கு ஒருநாள் அந்தப் பஸ்ஸில் போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன்.