குறையை முதலில் சொல்லும் தரகர்

லண்டனில் உள்ள தமிழ்க் கலியாணத் தரகர்கள் எல்லோரும் சேர்ந்து ஒப்பேற்றிய கலியாணங்களைவிட, எங்கள் தரகர் தனியொருவராகக் குழப்பிய கலியாணங்கள் அதிகம். இதை நான் அவதூறாகச் சொல்லவில்லை. அவரே இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஈஸ்ட் ஹாமில், ஒரு நகைக்கடைக்கும் ஒரு சேலைக்கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் மகேசனின் தேநீர்க் கடைதான் அவருடைய அலுவலகம். யன்னலோர மேசை, ஒரு பிளேன் டீ, ஒரு மட்டன் ரோல்ஸ். மற்றத் தரகர்கள் மாப்பிள்ளையின் படிப்பில் தொடங்குவார்கள். இவர் குறையில் தொடங்குவார்.

"பொடியனுக்குக் குறட்டை இருக்கு. தாய் சொல்லாமல் சட்டை மாத்தமாட்டான். படத்தில இருக்கிற தலைமயிர் இப்ப இல்லை, அது பழைய படம். இனி நல்லதைச் சொல்லட்டோ?"

நல்லதைக் கேட்க அநேகமாக அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். பெண்ணின் தகப்பன் குடையைத் தேடிக்கொண்டிருப்பார். தாய் ஏற்கெனவே பஸ் தரிப்பில் நிற்பார்.

என் கலியாணமும் அவர் பேசியதுதான். என் மாமனாரிடம், "பொடியன் சோம்பேறி. எழுதிறன் எண்டு சொல்லிப்போட்டு யன்னலைப் பாத்துக்கொண்டு இருப்பான்" என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னார். மாமனார் என்ன காரணத்தாலோ எழுந்து போகவில்லை. இத்தனை வருடத்தில் என் மனைவி என்னிடம் புதிதாக ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லாம் முதலிலேயே சொல்லப்பட்டுவிட்டது.

"ஏன் அண்ணை, கொஞ்சம் மறைச்சாத்தான் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ரை கலியாணத்தைப் பேசின தரகர் மறைச்சவர்" என்றார். "பொடியன் சரியான அமைதி எண்டு பொம்பிளை வீட்டுக்காரரிட்டைச் சொன்னவர். அது அமைதியில்லை. எனக்குக் கோபம் வந்தால் மாதக்கணக்கில ஒருத்தரோடையும் கதையன். அதை முதலே சொல்லியிருந்தால் அவ வேற ஆரையாவது கட்டி நிம்மதியா இருந்திருப்பா."

தரகரின் மனைவி பிரிந்து, மகன் ஆதவனையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவிலுள்ள தமையன் வீட்டுக்குப் போய்விட்டார். அப்போது ஆதவன் பாலர் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் பிறந்தநாளில் ஒரு தொலைபேசி அழைப்பு. அவ்வளவுதான்.

அந்த ஆதவன் வளர்ந்து அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் ஃபுட்போல் அணியில் குவார்ட்டர்பேக்காக விளையாடுகிறான் என்ற செய்தி கடைக்கு வந்தபோது, அது என்ன உத்தியோகம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. காலால் பந்து அடிக்காத ஃபுட்போல் இருக்கிறது என்பதே மகேசனுக்குப் புதுச் செய்தி. சனிக்கிழமை பின்னேரங்களில் தரகர் தன் தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைப்பார். நாங்கள் ஐந்தாறு பேர் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தச் சின்னத் திரையைப் பார்ப்போம்.

"ஏன் அண்ணை இவங்கள் நிமிசத்துக்கு ஒருக்கா நிப்பாட்டிப்போட்டு வட்டமா நிண்டு கூட்டம் வைக்கிறாங்கள்? எங்கடை கோயில் நிர்வாகசபை மாதிரியெல்லோ இருக்கு" என்றான் மகேசன்.

"இஞ்சை முடிவெடுக்கினம்" என்றார் தரகர்.

பிறகு பொறுமையாக விளக்கினார். பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வரும். அவனை விழுத்த எதிரணித் தடியன்கள் பாய்ந்து வருவார்கள். அவனுக்கு முன்னால் ஐந்து பேர் காவலுக்கு நிற்பார்கள். அந்தக் காவலுக்குள் நின்று, யாருக்கு எறிவது என்று கண்மூடித் திறப்பதற்குள் அவன் முடிவெடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஹெல்மெட் இருந்தது. எங்கள் பிள்ளை எது என்று நான் கேட்டேன். "நடையைப் பார். தாயின்ரை நடை" என்றார். பிறகு அவன் திரும்பினான். சட்டையின் முதுகில், தமிழர் வழக்கப்படி குடும்பப் பெயரின் இடத்தில், தகப்பனின் பெயர் எழுதியிருந்தது. தரகருக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே எங்கள் தெருவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வர்ணனையாளர்கள் அதை உச்சரிக்கத் தெரியாமல் கடித்துக் குதறினார்கள். தரகர் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவன் எறிந்த பந்து பாதி மைதானத்தைத் தாண்டிப்போய் ஒருவன் கையில் விழுந்தபோது கடையே கைதட்டியது. தரகர் தட்டவில்லை.

"கால் சரியா ஊண்டேல்லை" என்றார். "பிடிச்சவன் கெட்டிக்காரன்."

"அண்ணை, உங்கடை பிள்ளை" என்றான் மகேசன்.

"அதுக்கு?"

கல்லூரியில் அது ஆதவனுக்குக் கடைசி வருடம். அடுத்த வசந்தத்தில் தொழில்முறை அணிகள் கல்லூரிப் பிள்ளைகளிலிருந்து ஆட்களைத் தெரிவு செய்யும். தெரிவானால் அதுதான் வாழ்க்கை. இல்லாவிட்டால் சின்ன வயதிலிருந்து அவன் பாடுபட்டதெல்லாம் அதோடு சரி. தெரிவு செய்யும் முன் அந்த அணிக்காரர்கள் ஆள் வைத்து விசாரிப்பார்களாம். படிப்பித்தவர், பழக்கியவர், பெற்றவர் எல்லோரிடமும் பிள்ளையின் குணம் குறைகளைக் கேட்பார்களாம். இதைத் தரகர் சொன்னதும் கடை முழுவதற்கும் உற்சாகம் வந்துவிட்டது. அமெரிக்காவைப் பற்றி முதல் தடவையாக எங்களுக்கு நன்றாக விளங்கிய விஷயம் அதுதான். மாப்பிள்ளை விசாரிக்கிறார்கள்.

மாசி மாதத்தில் ஒருநாள் மத்தியானம் அந்த அழைப்பு வந்தது. தரகர் கை கழுவப் போயிருந்தார். மேசையில் கிடந்த தொலைபேசியை மகேசன் எடுத்தான். ஏதோ ஓர் அணியின் ஆள், ஆதவனைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றார். எங்கள் ஆட்களிடம் பிள்ளையைப் பற்றி யார் விசாரித்தாலும் என்ன சொல்ல வேண்டும் என்பது மகேசனுக்கு மனப்பாடம். அதை அப்படியே ஆங்கிலத்தில் ஒப்புவித்தான். நல்ல குடும்பம். குடியில்லை, சிகரெட் இல்லை. வெள்ளிக்கிழமையில் மச்ச மாமிசம் தொடான். தாய்க்கு அடங்கின பிள்ளை. சீதனம் எதிர்பார்க்கவில்லை என்று தொடங்குவதற்குள் தரகர் ஈரக்கையோடு ஓடிவந்து தொலைபேசியைப் பறித்தார்.

மறுமுனைக்காரர் ஏதோ சொன்னார். தரகர் நின்ற இடத்திலேயே கதிரையைத் தடவி உட்கார்ந்தார். தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்து, "என்ரை நம்பரை அவன்தானாம் குடுத்தவன்" என்றார்.

பலம் என்ன என்று கேட்டார்கள். எங்கள் தரகர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நல்லதில் தொடங்கியது அன்றைக்குத்தான். தூர எறிகிற கை. பிழை விட்டாலும் அடுத்த பந்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகாத மனம். தோற்ற நாளில் மற்றப் பிள்ளைகளைக் குற்றம் சொல்லாத வாய்.

பலவீனம் என்ன என்று கேட்டார்கள்.

மகேசன் இரண்டு கையையும் ஆட்டினான். இல்லை என்று சொல்லுங்கோ, இல்லை என்று சொல்லுங்கோ. நானும் தலையை ஆட்டினேன். உண்மையாகவே அந்த நேரத்தில் அவர் ஒரு பொய் சொல்ல வேண்டும் என்று நான் மனதார விரும்பினேன்.

தரகர் மெதுவாக, சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார். காவலுக்கு நிற்கிற ஐந்து பேரும் அசையாமல் நின்றாலும் அவன் நம்பமாட்டான். அவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்து, தேவையில்லாத நேரத்தில் அங்கிருந்து ஓடத் தொடங்குவான். வருடம் முழுக்கப் பாருங்கள், தெரியும். பழக்குகிறவர்கள் அதைக் கால் பிழை என்று சொல்லித் திருத்தப் பார்க்கிறார்கள். அது கால் பிழையில்லை. சின்ன வயதில் அவனை விமான நிலையத்தில் விடும்போது, அடுத்த மாதம் வருவேன் என்று சொன்னேன். நான் போகவில்லை. தாயோடு எனக்குக் கோபம். அந்தக் குறை அவனுடையதில்லை, ஐயா. என்னுடையது. தயவுசெய்து அப்படி எழுதிக்கொள்ளுங்கள்.

மறுமுனையில் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

தெரிவின் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. மகேசன் லட்டுப் பிடித்து ஒரு தட்டில் அடுக்கி, மேலே துணி போட்டு மூடிவைத்திருந்தான். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு வீட்டில் தாய்மார் கட்டிப்பிடித்து அழுவதைக் காட்டினார்கள். எங்கள் பெயர் வரவில்லை. கடைசிப் பெயரும் வாசித்து முடிந்தது. தட்டை மூடியிருந்த துணியை ஒருவரும் எடுக்கவில்லை.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அண்ணை" என்றான் மகேசன்.

"ஓம்" என்றார் தரகர். கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதாலா தெரிவாகவில்லை, அவர் சொல்லாவிட்டாலும் தெரிவாகியிருக்க மாட்டானா, எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு தரகர் திருந்திவிட்டார். யாராவது மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "நல்ல பொடியன்" என்று மட்டும் சொல்வார். கலியாணங்கள் மளமளவென்று ஒப்பேறின. எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. அவர் வாயால் யாருடைய குறட்டையைப் பற்றியாவது கேட்கமாட்டோமா என்று இருந்தது.

ஆதவன் பேசவில்லை. பிறந்தநாள் அழைப்பையும் எடுக்கவில்லை. "என்ரை பிள்ளைதான், சந்தேகமில்லை. கோபம் வந்தால் கதையான்" என்று தரகர் சிரிக்கப் பார்த்தார்.

ஐப்பசி மாதத்தில்தான் அவனாகவே தொலைபேசியில் அழைத்தான். தரகர் கடையில் இருந்தார். அவன் பக்கம் எங்களுக்குக் கேட்கவில்லை. இவர் பக்கம் மட்டும்தான் கேட்டது.

"ஓம், நான்தான் சொன்னனான்... ஓம், அந்தச் சின்னப் போனிலதான் பாத்தனான்... இல்லையப்பன், அது கால் பிழையில்லை எண்டு கோச்சுக்குத் தெரிய ஞாயமில்லை... எப்ப? ... ஓம். இந்தமுறை வாறன்."

அந்த வாரமே போனார். போகும் முன் கடைக்கு வந்து, புதுக் கோட்டைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். தோள் இறக்கம் என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டார். இரண்டு வாரத்துக்கு என்று போனவர் திரும்பி வரவில்லை. மகன் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்குகிறான், நான் ஓரத்தில் கதிரை போட்டு இருந்து எல்லாப் பிள்ளைகளிலும் குறை கண்டுபிடிக்கிறேன் என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.

தைப்பொங்கல் முடிந்து சில நாளில், மகன் வீட்டில், நித்திரையிலேயே போய்விட்டார்.

செய்தி சொல்ல ஆதவன் கடைக்குத்தான் அழைப்பு எடுத்தான். மகேசன் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தான். தனக்கு அப்பாவை மூன்று மாதம்தான் தெரியும் என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான். மிச்சமெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது அங்கிள், அவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லுங்கள் என்று கேட்டான்.

மகேசன் என்னைப் பார்த்தான். நான் குறைகளைத்தான் முதலில் சொன்னேன். அது கனநேரம் எடுக்கவில்லை. பிறகு நல்லதைச் சொல்லத் தொடங்கினோம். மகேசன் எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.