தெரிந்தால் பலிக்காத மருந்து

நாட்டு வைத்தியர் தோன் அபோலினார் வந்த சில வாரங்களிலேயே எங்கள் லா கன்யிதா ஊரில் மூச்சு விடுவது ஒரு திருவிழா ஆகிவிட்டது. தலைநகர் சாண்டோ டொமிங்கோவிலிருந்து பேருந்து பேருந்தாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். தேவாலயத்தில் கூட்டம் குறைந்தது. பேஸ்பால் மைதானத்தில்கூடக் குறைந்தது. பாதிரியாரே இரண்டு பாட்டில் வாங்கிப் போனதாகப் பேச்சு. கேட்டதற்கு அவர் மறுக்கவில்லை, இருமினார்.

பாட்டில் கறுப்பு. உள்ளே இருப்பதும் கறுப்பு. பெயர் 'ரகசியம்'. நெஞ்சடைப்பு, மூச்சுத்திணறல், இளைப்பு, எதுவானாலும் ஒரு மடக்கு. நிபந்தனை ஒன்றுதான்: அதில் என்ன இருக்கிறது என்று குடிப்பவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்த நொடியில் மருந்து செத்துவிடும், நோய் இரட்டிப்பாகத் திரும்பும். எங்கள் தீவில் இது பழைய நம்பிக்கை. இளைப்புக்காரனுக்கு எதையோ காய்ச்சிக் கொடுத்துவிட்டு வீடே வாயை மூடிக்கொள்ளும். அபோலினார் செய்த புதுமை, அந்த வாய்க்குப் பதிலாகப் பாட்டிலுக்கு மூடி போட்டு விற்றதுதான்.

அரசு மருத்துவமனைக்குப் போய் நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். டாக்டர் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார். ஆஸ்துமாவா, இதயமா, நுரையீரலில் சளியா, ரத்தம் உறைந்துவிட்டதா, இறால் தின்று ஒவ்வாமையா, வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுகிறதா, வெறும் பயமா? இடது கை வலிக்கிறதா? வியர்க்கிறதா? அபோலினாரிடம் ஒரு கேள்வியும் கிடையாது. நம்மிடமும் இருக்கக்கூடாது. குணமாகவில்லை என்று யாராவது திரும்பி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: "உள்ள என்ன இருக்குன்னு யோசிச்சிருக்கே."

யோசித்தாலே போச்சாம். எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் முன்பும் அதிகம் இல்லை. இப்போது அடியோடு ஒழிந்தது.

அது கரும்பு வெட்டும் பருவம். தோகையை எரிக்க ஆலைக்காரர்கள் கரும்புக் காட்டுக்குத் தீ வைத்து, கொடியில் காயும் சட்டையெல்லாம் கரியாகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. புகை கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவதற்கெல்லாம் நம்மிடம் என்ன மரியாதை?

என்னோடு கல்லூரியில் படிப்பவள் தமாரிஸ். அவளுடைய அக்கா யூதெல்கா பேருந்து நிறுத்தத்தில் வறுத்த வாழைக்காய் விற்கிறாள். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அவளும் 'ரகசியம்' வாங்கப் போனபோது, இரண்டு மருந்தும் உள்ளே போய்ச் சண்டை போடும் என்று அபோலினார் சொன்னதால் இன்ஹேலரை ஆற்றில் எறிந்துவிட்டாள். தமாரிஸ் புதிது வாங்கித் தந்தாள். அதுவும் ஆற்றுக்குப் போனது. எங்கள் ஆற்று மீனுக்கு இனி இளைப்பு வராது. அக்காவோ படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள். கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள் தமாரிஸ். நீ சந்தேகத்தோடு பார்ப்பதால்தான் எனக்கு மருந்து பிடிக்கவில்லை என்று அக்கா அவள் தலையிலேயே பழியைப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவகாடோ விற்கும் லாரியை ஒலிபெருக்கியோடு இரவல் வாங்கிக்கொண்டு, அபோலினார் வீட்டு வரிசைக்கு முன்னால் போய் நின்றோம். என் பங்கு மகத்தானது: மைக் ஒயரைப் பிடித்துக்கொண்டேன். அக்கா வீட்டில் இருக்கிறாள் என்று தமாரிஸ் நினைத்திருந்தாள்.

"மகா ஜனங்களே, பாட்டில்ல என்ன இருக்குன்னு இப்ப சொல்லப் போறேன்."

வரிசை மொத்தமும் காதுக்குள் விரலை விட்டது. ஒரு கையில் பாட்டில் இருந்தவர்கள் மிச்சக் காதைப் பக்கத்து ஆளின் தோளில் அழுத்தினார்கள். சேவல் சண்டைக்காரர் தியோஃபிலோவுக்கு இரண்டு கையிலும் சேவல். வேறு வழியில்லாமல் உரக்கப் பாட ஆரம்பித்தார்.

"கரப்பான்பூச்சி. வறுத்துப் பொடிச்சு, கரும்புப் பாகுல."

அவகாடோ ஒலிபெருக்கிக்கு விரல் எம்மாத்திரம்? வரிசை சரிந்தது. தியோஃபிலோ சேவல்களை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தார். குணமானவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நோயாளிகள் ஆனார்கள். வாசலுக்கு ஓடி வந்த அபோலினார் கையை விரித்து, இந்தப் பெண் ஊரையே கொன்றுவிட்டாள் என்று வானத்திடம் முறையிட்டார். தமாரிஸ் அவர்களைச் சற்று நேரம் சாக விட்டாள்.

"சும்மா சொன்னேன். எனக்கு ஒன்னுமே தெரியாது."

செத்தவர்கள் எழுந்தார்கள். தியோஃபிலோ சேவலைத் துரத்திக்கொண்டு ஓடினார். நெஞ்சடைப்புக்காரர் ஒருவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

"அடைச்சதும் என் பேச்சால, விட்டதும் என் பேச்சால. அப்ப அந்தப் பாட்டில் என்னதான் செஞ்சுது?" என்றாள் தமாரிஸ்.

சிரிப்பு கிளம்பியது. ஒருத்தி மட்டும் எழவில்லை. வரிசையின் கடைசியில் யூதெல்கா. தமாரிஸின் பொய்யால் அவள் விழவில்லை, விடிந்ததிலிருந்து இழுத்த கரும்புப் புகையால் விழுந்தாள். அதனால் உண்மையும் அவளை எழுப்பவில்லை. தோள்கள் ஏறி இறங்கின. மூச்சில் விசில் சத்தம். உதடு நீலம்.

"அக்கா, என்னைப் பாருக்கா." மைக் கீழே கிடந்தது.

கூட்டம் அபோலினாரைத் தேடியது. அவர் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். புகைக்கு அவரும் மனிதர்தானே. பாதி வழியில் நின்றார். குனிந்தார். மூச்சு இழுத்தது. பெட்டியைக் கீழே வைத்தார். ஒரு பாட்டிலையும் தொடவில்லை. இடுப்பிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தினார்.

தமாரிஸ் ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள்.

"ஏ பொண்ணு, அது என்னோடது."

"பெட்டி நிறைய மருந்து வச்சிருக்கீங்களேய்யா. குடிங்க."

அவர் குடிக்கவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பேருந்தில் வந்த ஓர் அம்மாள் மட்டும் உருகிப்போனாள். "பாவம், அவருக்குத்தான் உள்ள இருக்கறது தெரியுமே, எப்படிப் பலிக்கும்? நமக்காக எவ்வளவு பெரிய தியாகம்." சொல்லிவிட்டு, காசு கொடுக்காமல் இரண்டு பாட்டிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தமாரிஸ் அதை அக்கா வாயில் வைத்து அழுத்த, யூதெல்கா உறிஞ்சினாள். மறுபடி உறிஞ்சினாள். விசில் இறங்கியது. லாரியில் அவகாடோ மூட்டைகளின்மேல் உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கிளம்பினோம். வழியில் அவள் கையிலிருந்த இன்ஹேலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே அச்சடித்திருந்ததைச் சத்தமாக வாசித்தாள்: மருந்தின் பெயர், எவ்வளவு, யார் செய்தது, எப்போது கெட்டுப்போகும், எல்லாம். வாசித்து முடித்துவிட்டுத் தன் நெஞ்சில் கை வைத்துக் காத்திருந்தாள்.

"எல்லாத்தையும் படிச்சுட்டேன்டி. இன்னும் மூச்சு வருது."

அதற்குப் பெயர்தான் மருந்து. கேட்டால் பலிக்காது என்று யாராவது எதையாவது நீட்டினால், அது பாட்டிலோ, வேதமோ, தேர்தல் வாக்குறுதியோ, முதல் வேலையாகக் கேளுங்கள். கேட்டால் செத்துப்போகிற மருந்து, கேட்காதவனைத்தான் சாகடிக்கும்.