ஏனுங்க ஆன்ட்டியின் வாழைப்பழப் பேய்கள்

அமெரிக்காவுக்கு வந்த தமிழர்களில் பேய் வேஷத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு, சிரித்தவர்கள் உண்டு. பேயை உள்ளே கூப்பிட்டு, சோபாவில் உட்காரவைத்து, "இந்தத் துணிய உனக்கு யாரு தைச்சாங்க? கழுத்துக்கிட்ட இறுக்கிப் பிடிக்கலியா?" என்று விசாரித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் ஏனுங்க ஆன்ட்டி.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று பயந்து, அமெரிக்கக் கம்பெனிகள் இந்தியாவிலிருந்து கம்ப்யூட்டர்க்காரர்களான எங்களையெல்லாம் விமானம் விமானமாக வரவழைத்துக்கொண்டிருந்த காலம் அது. டாலஸ் பக்கத்தில் காப்பெல் என்ற ஊரில், ஓர் அபார்ட்மென்ட் வளாகத்தில் குடியிருந்தோம். எங்கள் எதிர் வீட்டுக்குக் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பதி வந்து சேர்ந்தார்கள். கணவர் பேசாதவர். எதைச் சொன்னாலும் "சரி" என்பார். அவருக்குச் சேர வேண்டிய பேச்சையும் சேர்த்து மனைவி பேசினார். பேச்சு என்றால் முழுக்க முழுக்கக் கேள்வி.

கோயமுத்தூர்ப் பக்கத்து வழக்கப்படி அவர் யாரையும் "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார். காரணம் கேட்பதற்கும் "ஏனுங்க?" தான். இந்தியக் கடையில் பருப்பு வரிசையில் நின்றுகொண்டு அவர் "ஏனுங்க!" என்று குரல் கொடுத்தால், நாலைந்து தமிழ்நாட்டுக் கணவன்மார்கள் தங்களைத்தான் மனைவி கூப்பிடுகிறாள் என்று பதறித் திரும்புவார்கள். பெயரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் நானும் ஆன்ட்டி என்றே சொல்ல ஆரம்பித்து, அவர் என்னை அண்ணா என்று கூப்பிட, உறவுமுறை சிக்கலாகிப் போயிற்று.

விசா சட்டப்படி அவர் வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. குழந்தைகள் இல்லை. பகல் முழுவதும் அந்த வீட்டில் அவரும் அவருடைய கேள்விகளும்தான். எங்களுக்கு அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. "அந்தம்மா வர்றாங்க, கதவச் சாத்து" என்று என் மனைவி லதாவிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

அவருடைய முதல் அக்டோபரில் ஒருநாள், என் காரில் காய்கறி வாங்க வந்தார். கடை வாசலில் மலைபோல் பரங்கிக்காய் குவித்திருந்தார்கள். கோபியில் அதற்கு அரசாணிக்காய் என்று பெயர். ஆன்ட்டிக்குக் கண்கள் விரிந்துவிட்டன. காய் அடுக்கிக்கொண்டிருந்த பையனைப் பிடித்துக்கொண்டார்.

"ஹவ் யூ குக் திஸ்?"

"சமைக்கிறதில்லை மேடம். மூஞ்சி செதுக்கி, உள்ளே விளக்கு வைப்போம்" என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான்.

"ஆஃப்டர் தட்?"

"தூக்கிப் போட்டுடுவோம்."

ஆன்ட்டி கைகளை அகல விரித்து அளவு காட்டியபடி என் பக்கம் திரும்பினார். "ஏனுங்ணா, இத்தாச் சோட்டுக் காய வளர்த்து, மூஞ்சி வெட்டிப்போட்டு, குப்பையிலயா போடுவாங்க? திங்கவே மாட்டாங்களா?"

நம்பாமல் ஒன்றை வாங்கிவந்து பொரியல் செய்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நாராக, சக்கையாக, தண்ணீராக இருந்தது. மறுநாள் அவரே வந்து தீர்ப்புச் சொன்னார்: "அவங்க செய்யறது சரிதானுங்க. இது மூஞ்சி வெட்டத்தான் லாயக்கு."

ஏனுங்க ஆன்ட்டியிடம் எனக்குப் பிடித்த குணம் இது. கேள்வி கேட்பவர்களில் பாதிப்பேர் பதிலை முன்பே முடிவுசெய்துகொண்டுதான் கேட்பார்கள். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அக்டோபர் கடைசி நாளான ஹாலோவீன் அன்று மாலை வேஷம் போட்ட குழந்தைகள் கதவு கதவாகத் தட்டி மிட்டாய் வாங்கிப் போவார்கள். ஒரு வீட்டுக்கு அரை நிமிஷம் என்பது வழக்கம். ஆன்ட்டி வீட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் நேர்காணல் நடந்தது. "ஒய் யூ ஸ்கெலிட்டன்?" என்று ஒரு எலும்புக்கூட்டைக் கேட்டார். அவன் யோசித்துப் பார்த்து, "ஐ டோன்ட் நோ" என்றான். "நோ ப்ராப்ளம். திங்க் அண்ட் டெல்" என்று உட்காரவைத்துவிட்டார். மாடிப்படியில் சூனியக்காரிகளும் சிலந்தி மனிதர்களும் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நின்றார்கள். கீழே நின்ற அப்பா அம்மாக்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அன்றைக்கு எங்கள் மகள் நித்யா தலையணை உறை நிறைய மிட்டாயோடு வந்து தரையில் கொட்டினாள். ஆறு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். ஆன்ட்டி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத்தனையும் நீ ஒருத்தியே தின்பியா கண்ணு?"

"யெஸ்!"

"தின்னா வயிறு என்ன பண்ணும்?"

"ஐ டோன்ட் கேர்!"

மூன்றாம் நாள் வயிறு என்ன பண்ணும் என்று நித்யாவுக்கும் எங்களுக்கும் விளக்கமாகத் தெரிந்தது. ஆன்ட்டி கஷாயத்தோடு வந்தார். போகும்போது லதாவிடம், "ஏனுங்க்கா, பேயி பழந்திங்காதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வி ஒரு வருஷம் அவருக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம் செப்டம்பரிலேயே அவருடைய சமையலறையில் ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. பள்ளி விட்டதும் வளாகத்து இந்தியக் குழந்தைகள் எல்லாம் அங்கே ஆஜர். வாழைப்பழத்தைப் பாதியாக வெட்டி நிற்கவைத்து, உலர்ந்த திராட்சையில் கண் வைத்தால் பேய். ஆரஞ்சை உரித்து, தலையில் செலரிக் கீரைத் தண்டு ஒன்றைச் செருகினால் குட்டிப் பரங்கிக்காய். இரண்டு ஆப்பிள் துண்டுகளுக்கு நடுவே தேங்காய்க் கீற்றைப் பல்லாக அடுக்கினால் வாய். டப்பாவில் வரும் லிச்சிப் பழத்துக்குள் கறுப்புத் திராட்சையை வைத்தால் கண்விழி. அசல் கண்விழி. ஒருநாள் அவர் கணவர் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது தயிர்சாதத்துக்கு மேலிருந்து அது அவரையே பார்த்ததாம். பக்கத்து நாற்காலிப் பெண் அலறியிருக்கிறாள். கணவர் "சரி" என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டார்.

பெரிய சிக்கல் வாழைப்பழம். வெட்டிய கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும்.

"ஆன்ட்டி, இட் லுக்ஸ் டெட்!" என்றாள் நித்யா.

"பேயின்னா செத்ததுதான் கண்ணு. ஆனா இது செத்து ரொம்ப நாளான பேயாட்டம் இருக்குது. ஏன் கறுக்குதுன்னு பாப்போமா?"

தட்டுகள் வரிசையாக வைக்கப்பட்டன. ஒரு பேய்க்கு எலுமிச்சைச் சாறு, ஒன்றுக்கு உப்புத் தண்ணீர், ஒன்றுக்குத் தயிர், ஒன்றுக்கு அன்னாசிச் சாறு, ஒன்றுக்கு ஒன்றுமே இல்லை. எந்தப் பேய் முதலில் அழுகும் என்று குழந்தைகளுக்குள் பெரிய போட்டி. எலுமிச்சைப் பேய் வெள்ளையாகவே நின்றது. ஆனால் கடித்தவர்களின் முகம்தான் பேயாகிவிட்டது. கடைசியில் அன்னாசி வென்றது. அதுவரை வாழைப்பழத்தைக் கண்டாலே "யக்கி" என்று ஓடிய என் மகள், ஆராய்ச்சிக்காக எத்தனை தின்றாள் என்று கணக்கே இல்லை. பிறகு மிளகாய்த்தூள், உப்பு, வெல்லம் மூன்றையும் குழைத்து ஆப்பிள் வாயின் உதட்டில் தடவினார் ஆன்ட்டி. அது ரத்தம். குழந்தைகள் கூரை இடிகிற மாதிரி கத்தினார்கள்.

ஹாலோவீன் வந்தது. ஆன்ட்டி தட்டுகளைக் கதவருகே அடுக்கி, பட்டுப்புடவை கட்டி நின்றார். நித்யா வண்ணத்துப்பூச்சி வேஷத்தில் தன் கையாலேயே பேய்களை விநியோகித்தாள். வந்தவர்கள் எல்லோரும் "ஹவ் க்யூட்!" என்று வாங்கிக்கொண்டார்கள். நான் மாடித் தாழ்வாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

அங்கிருந்து பார்த்தால் கீழே தபால் பெட்டிகளும் பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டியும் தெரியும். சூனியக்காரித் தொப்பி வைத்த ஓர் அம்மா, மகனுடைய பையிலிருந்து வாழைப்பழப் பேயை எடுத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தொட்டியில் போட்டார். அடுத்து வந்த அப்பாவும் போட்டார். அதற்கடுத்தவரும்.

நித்யா என் பக்கத்தில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "ஆன்ட்டி! தே ஆர் த்ரோயிங் மை கோஸ்ட்ஸ்!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நம்ம கை பட்டதுன்னா இவங்களுக்கு அவ்வளவு இளப்பம்! இதுக்குத்தான் இதெல்லாம் வேண்டாம்னு..."

"இருங்ணா" என்றார் ஆன்ட்டி. "நாமளா எதுக்கு நினைச்சுக்கோணும்? கேட்டாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், நேராகத் தொப்பிக்காரியிடம், "எக்ஸ்கியூஸ் மீ, ஒய் யூ த்ரோ?" என்று கேட்டார். சண்டை வரப்போகிறது என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அந்தப் பெண்ணின் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் வெட்டிய பண்டம், உறை போடாத பண்டம் எதையும் ஹாலோவீனில் குழந்தைகளுக்குத் தருவதில்லை, அவருடைய அம்மாவும் அப்படித்தான் வளர்த்தார் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். "ரொம்ப அழகா இருந்தது. முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ல மனசு வரலை" என்றார்.

ஆன்ட்டி தலையாட்டிவிட்டுத் திரும்பினார். "நியாயந்தானுங்ணா. ஆரோ வெட்டுன பழத்த நம்ம நித்யாவுக்கு நாம குடுப்பமா? நான் இவங்களுக்கு ஆரோதானுங்களே."

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. படிக் கைப்பிடியில் கை வைத்தபடி சும்மா நின்றார். அவர் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை.

திடீரென்று நிமிர்ந்தார். "ஏனுங்ணா, உங்க வீட்ல இஸ்திரிப் பலகை இருக்குதுங்களா?"

சிறிது நேரத்தில் தபால் பெட்டிகளுக்கு முன்னால், விளக்குக் கம்பத்தின் அடியில், எங்கள் வீட்டு இஸ்திரிப் பலகையும் அவர் வீட்டு இஸ்திரிப் பலகையும் நீட்டிக்கொண்டு நின்றன. மேலே வெட்டாத, உரிக்காத முழுப் பழங்கள், பிளாஸ்டிக் கத்திகள், கிண்ணத்தில் அன்னாசிச் சாறு. பக்கத்தில் கை கழுவ ஒரு வாளித் தண்ணீர். நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் பேயை நீயே செய்" என்று ஆங்கிலத்தில் தரையில் சாக்பீஸால் எழுதினாள். ஆன்ட்டி தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூவினார்:

"கம், கம்! யூ மேக், யூ ஈட்! ஐ நோ டச்!"

முதலில் யாரும் வரவில்லை. பிறகு கீழ்வீட்டுக்காரர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், டிராகுலா வேஷம், கையில் தேனீ வேஷம் போட்ட குட்டி மகள். அந்தத் தேனீ ஒரு வாழைப்பழத்தை உரித்து, நாக்கை நீட்டிக்கொண்டு, கவனமாகக் கண் வைத்தது. டிராகுலா தானும் ஒரு ஆப்பிள் வாய் செய்து, பல் கட்டி, ரத்தத்தைத் தாராளமாகத் தடவி ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் முகத்தில் பூசியிருந்த வெள்ளைப் பவுடரையும் மீறிச் சிவப்பு ஏறியது. கண்ணில் தண்ணீர். இருமிக்கொண்டே கறுப்பு அங்கி பறக்க வளாகத்தைச் சுற்றி ஓடினார். ஓடிவந்தவர் மூச்சு வாங்க, "இன்னொன்று செய்யலாமா?" என்று கேட்டார். முதலில் சிரித்தது அந்தத் தொப்பிக்காரிதான். சிரித்துக்கொண்டே வந்து கை கழுவி, ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். பிறகு பலகையைச் சுற்றி இடமில்லை. ஆன்ட்டி கைகளைக் கட்டியபடியே எல்லோரையும் சுற்றிச் சுற்றி வந்து, டிராகுலாவிடம் அந்த அங்கியைத் தைத்தது யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவாம். டிராகுலா அம்மாவைப் பற்றி ரொம்ப நேரம் சொன்னார்.

பழம் மிட்டாயை ஜெயித்துவிட்டது என்று சொன்னால் பொய். நித்யா அன்றும் மிட்டாய் தின்றாள். ஆனால் அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வெள்ளைக்காரக் குழந்தைகள் எங்கள் கதவைத் தவறுதலாகத் தட்டி, "இஸ் ஏனூங்கா ஹோம்?" என்று கேட்பது வழக்கமாயிற்று. தொப்பிக்காரி ஆன்ட்டிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு சிக்னலிலும் கேள்வி கேட்டதில் பாடம் முடிய நெடுங்காலம் ஆனது.

மறு வருஷக் கோடையில் அவர் கணவரை மினசோட்டாவுக்கு மாற்றினார்கள். கணவர் "சரி" என்றார். டிராகுலா, வேஷமில்லாமல், சோபாவைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். லதா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்த அக்டோபரில் எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் மிக நல்லவர்கள். பெரிய பெரிய சாக்லேட்டாகப் பார்த்துக் கொடுத்தார்கள். குழந்தைகள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, திறந்த கதவு வழியாக உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

நானும்தான் எட்டிப் பார்த்தேன்.