தங்கள் தம்பி என் இன்சுலினைப் போட்டுக்கொண்ட விவரம்

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கையும் நலம். தங்கள் தம்பியும் இப்போது நலம். ‘இப்போது’ என்று ஏன் எழுதினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படிக்கவும்.

தங்கள் தம்பி எங்களோடு தங்க வந்து பதினோரு மாதம் ஆகிறது. பகலில் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார், சாயங்காலம் ஜிம்முக்குப் போகிறார். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஆணழகன் போட்டியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது லட்சியம். ஜிம்மில் அவரைத் ‘தேக்கு’ என்று கூப்பிடுகிறார்களாம். தினம் பதினான்கு முட்டையின் வெள்ளைக்கரு அவருக்கு, மஞ்சள் எங்களுக்கு. எனக்கு டாக்டர் மஞ்சளைக் குறைக்கச் சொல்லியிருப்பதால் பெரும்பங்கு தங்கள் தங்கைக்கே. தோள் பெருத்துவிட்டதால் அவருடைய முதுகை அவரால் சொறிந்துகொள்ள முடிவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் நான்தான் சொறிந்துவிடுகிறேன். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, நிலவரம் சொல்கிறேன்.

இரண்டு மாதமாக ஃபிரிட்ஜில் இருக்கும் என் இன்சுலின் குப்பி சீக்கிரம் சீக்கிரம் காலியாகிக்கொண்டு வந்தது. முப்பத்தோரு வருடம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் படித்தவன் நான். அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது என்பதுதான் என் முதல் எண்ணம். குப்பியைத் துணியில் சுற்றி வைத்தேன், துணி நனையவில்லை. ஒருவேளை ஆவியாகிறதோ என்று ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் கதவு ரப்பரை மாற்றிவிட்டு, “சார், இதுக்கும் உங்க மருந்துக்கும் சம்பந்தம் இருக்காது, ஆனா ரப்பர் பழசுதான்” என்றார். தங்கள் தங்கையோ, “நீங்கதான் மறந்துபோய் ரெண்டு தடவ போட்டுக்கறீங்க” என்று காலண்டரில் தேதிக்குத் தேதி டிக் அடிக்க ஆரம்பித்தாள். அப்படியும் குறைந்தது. சரி, எனக்குத்தான் புத்தி மழுங்குகிறது என்று நானே ஒப்புக்கொண்டு, மனதுக்குள் மிகவும் பயந்துபோய் இருந்தேன். தம்பி எதிரே உட்கார்ந்து வெள்ளைக்கரு தின்றுகொண்டிருந்தாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

போன செவ்வாய் காலை பதினோரு மணிக்கு எனக்குக் கண் பரிசோதனை. போகிற வழிதான், ஏறிக்கொள்ளுங்கள் என்று தம்பி ஸ்கூல் காரில் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். ஓட்டியது கற்றுக்கொள்ள வந்த ஒரு தையல்கார அம்மா. வயது ஐம்பதுக்கு மேல், அன்றைக்கு எட்டாவது வகுப்பு. தம்பி பக்கத்து சீட்டில். ஏசி ஓடுகிறது, ஆனால் இவருக்குப் பிடரியில் வேர்வை வழிகிறது. ‘லெஃப்ட்’ என்று சொல்லிக்கொண்டே வலது கையைக் காட்டினார். அந்த அம்மா, “சார், எந்தப் பக்கம்?” என்று கேட்டதற்கு, ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிதர், “நான் சொல்றது உங்களுக்குப் புரியவே புரியாதா?” என்று சீறினார். கை நடுங்குகிறது. பிறகு, “அத்தான், என் செருப்ப யாரு எடுத்தா?” என்று கேட்டார். செருப்பு காலில் இருந்தது. இந்த வேர்வையும் நடுக்கமும் உளறலும் எனக்குப் பழக்கம்; என் உடம்பில் சர்க்கரை இறங்கினால் இப்படித்தான். ஆனால் எனக்குத்தானே வர வேண்டும், இவருக்கு ஏன் வருகிறது என்று ஒரு நொடி விழித்தேன். பையில் எப்போதும் வைத்திருக்கும் மிட்டாயைப் பிரித்து நீட்டினேன். “ஸ்வீட்டா? போட்டிக்கு இருபது நாள்தான் இருக்கு” என்று தட்டிவிட்டார். அவர் சுயநினைவோடு பேசிய கடைசி வாக்கியம் அதுதான். கண் செருகி, தலை கதவில் சாய்ந்தது.

நினைவு இல்லாதவர் வாயில் எதையும் போடக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். “ஆஸ்பத்திரிக்கு விடுங்கம்மா” என்றேன். “சார், எனக்கு ரைட்ல திருப்பத் தெரியாது, அது ஒன்பதாவது கிளாஸ்” என்றார் அந்த அம்மா. ஆகவே வலது பக்கம் திரும்ப வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை இடது பக்கம் திரும்பினோம். இரண்டாம் கியரிலேயே, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், அழுதுகொண்டே ஓட்டினார். நான் பின்னாலிருந்து தம்பியின் தாடையைத் தாங்கிக்கொண்டே வந்தேன். அவ்வளவு பெரிய உடம்பில் அந்தக் கழுத்து, தூங்குகிற குழந்தையின் கழுத்து மாதிரி துவண்டது. அதைச் சொன்னால் தங்கள் தங்கை தாங்கமாட்டாள் என்று இன்னும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். இருபத்தெட்டு. பத்தொன்பது வருட நோயாளி நான், அந்த எண்ணை என் சர்க்கரை மீட்டர் காட்டியதே இல்லை. குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஏறியது, மறுபடி இறங்கியது, மறுபடி ஏற்றினார்கள். போட்ட மருந்து தீரும்வரை இப்படித்தான் இருக்கும் என்று மறுநாள் மாலைவரை வைத்துக்கொண்டார்கள். கண் விழித்ததும் தம்பி என்னைப் பார்த்து, “அத்தான், உங்க இன்சுலின்தான். ஆனா ஊசி புதுசு, உங்க ஊசியத் தொடல” என்றார், பெரிய உபகாரம் செய்ததைப் போல. காலையில் சீக்கிரம் வகுப்பு இருந்ததால் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பிவிட்டாராம். இன்சுலின் சாப்பாட்டை நேரே தசைக்கு அனுப்பும் என்று ஜிம் மாஸ்டர் சொன்னாராம். மாஸ்டர் பகலில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர்.

அங்கிருந்த டாக்டர் அம்மா, தம்பியின் ஒரு கை கனம்கூட இருக்கமாட்டார். “இது உங்க அத்தானுக்கு உயிர் காக்கற மருந்து. சர்க்கரை வியாதி இல்லாத நீங்க போட்டா, ரத்தத்துல இருக்கற சர்க்கரையை வழிச்சு எடுத்துடும். மூளைக்குச் சாப்பாடே அதுதான். தசை பட்டினி தாங்கும், மூளை தாங்காது. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா வலிப்பு வந்திருக்கும், இல்ல எழுந்திருக்கவே மாட்டீங்க” என்றார். தம்பி, “எவ்வளவு போட்டா சேஃப், டாக்டர்?” என்று கேட்டார். “உங்களுக்கு அப்படி ஒரு அளவே கிடையாது” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் திட்டத்தான் வாயெடுத்தேன். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு, “நாப்பத்திமூணு வயசுல இப்பதான் அத்தான், கண்ணாடில என்னைப் பார்த்தா எனக்கே பிடிச்சுது” என்றார். திட்டு பாதியில் நின்றுவிட்டது. ஆனாலும் மச்சான், என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நான் இரண்டு மாதம் நடுங்கியதை எதிரே உட்கார்ந்து பார்த்தவரோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது. இந்த மாத முடிவுக்குள் தாங்கள் நேரில் வந்து அவரை அழைத்துப் போக வேண்டும். இதில் மாற்றம் இல்லை.

தங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ வேண்டுகிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இன்று காலை ஊசி போட்டுக்கொண்டு, இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் தேடியதில் சாப்பிட மறந்துவிட்டேன். அலமாரியைப் பார்த்து, “கேட்டைத் திறங்க, மீட்டர் பார்க்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். தங்கள் தங்கை நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். தம்பி வாசற்படியிலிருந்து ஒரே பார்வையில் கண்டுபிடித்து, என்னை அப்படியே தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, “பேசாம முழுங்குங்க அத்தான்” என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். கால்மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்து, ரொட்டி ஊட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் என் கையை விட்டார். ஆகையால் தாங்கள் வர வேண்டாம். இதை வேறு தாளில் திருத்தி எழுதலாம் என்றால் கை இன்னும் நடுங்குகிறது. டாக்டர் சொன்னதை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, மீதியைத் தாங்களே பேனாவால் அடித்துவிடவும்.