மூடி பறந்த கதை

முதல் மூடி எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போய்ச் சேராமல் தெருவில் விழுந்தது. பெயிண்ட் வாளிக்கு மூடி செய்யும் மெஷின்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எதிர்வீடு மாமியார் வீடு. எதைக் கேட்டாலும் "ம்" என்றே கணவர் பதில் சொல்கிறார் என்று கோபித்துக்கொண்டு மனைவி அங்கே போய் ஒரு வாரமாகிவிட்டது.

"நானா கூப்பிடற வரைக்கும் அந்தப் படி ஏறாதீங்க. போனும் பண்ணாதீங்க!" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அவளுடைய டம்ளர் கவிழ்த்தபடியே கிடந்தது. படி ஏறவும் போன் பண்ணவும்தானே தடை? வளைந்துபோன மூடி ஒன்றில் 'வா' என்று எழுதி வீசியிருந்தார்.

தெருப்பிள்ளைகள் அதை எடுத்து ஒருவருக்கொருவர் வீசிப் பிடித்தார்கள். "அண்ணே, இன்னொண்ணு போடுங்க!"

பத்து வீசினார். ஐம்பது பிள்ளைகள் கூடினார்கள். விளிம்பு கனத்தால் நேராகப் பறக்கும் என்று கம்பெனியில் அச்சையே திருத்தினார். பறந்தது. ஊருக்கே பைத்தியம் பிடித்தது. மைதானம், மொட்டைமாடி, எங்கே பார்த்தாலும் மூடி.

அவர் மாடியிலும் தினம் நாலைந்து வந்து விழுந்தன. சிலவற்றில் பளபளவென்று சிவப்பில் 'வாங்க' என்று எழுதியிருந்தது.

"நான் பொண்டாட்டிக்காக ஏங்கறேன், இதுல எவனோ வியாபாரம் பண்றான்!" என்று எரிச்சலோடு ஒன்றை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

முதலாளி துள்ளினார். "பெயிண்ட் வாங்க, மூடி வாங்க! ஒரே வார்த்தையில விளம்பரம்! எல்லாத்துலயும் இதையே அடிய்யா, இதே சிவப்புல!"

ஆயிரக்கணக்கில் அடித்தார்கள். பெயிண்ட் வாளிகள்தான் மூடியில்லாமல் காய்ந்தன.

இத்தனை 'வாங்க'வுக்கு நடுவே தன்னுடைய ஒற்றை 'வா' அவள் கண்ணில் எங்கே படப்போகிறது? எதிர்மாடிக் கொடியில் காயும் அவள் துணிகளைப் பார்த்தபடி மாலையெல்லாம் நின்றார். "ஒரு தரம் கூப்பிடேன்டி" என்று முணுமுணுத்தார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. இறங்கிப்போய்த் திறந்தால் மாமியார், கையில் ஒரு மூடியோடு.

"அத்தை, தொந்தரவா இருக்கா? விளம்பரம்... முதலாளி சொன்னாரு..."

"விளம்பரமா? நெயில் பாலிஷ் மூணு பாட்டில் தீந்துபோச்சு மாப்பிள்ளை, இன்னும் எத்தனை மூடியிலதான் அவ உங்களை 'வாங்க'ன்னு கூப்பிடுவா?"